உடம்பு வாகா, சீனி டப்பாவா?

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதமிருந்து நாலு கிலோ இறக்கியவர்கள், பங்குனி உத்திரம் வருவதற்குள் ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு நிற்பதை ஜுரு வட்டாரத்தில் நாம் ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். கேட்டால் பதில் தயாராக இருக்கும். “என்னா செய்றது, எங்க பரம்பரைக்கே உடம்பு வாகு அப்படி.” பெண்களைக் கேட்டால், “நாப்பது வயசுக்கு மேல உடம்புல சூடு கொறைஞ்சி போவுது, பச்சத் தண்ணி குடிச்சாலும் சதை போடுது” என்பார்கள். பெரியவர்களோ வேறு பல்லவி பாடுவார்கள். “நாங்க நாலு மணிக்கு எந்திரிச்சி மரம் சீவினோம், கல்லு மாதிரி இருந்தோம். இப்ப உள்ளதுங்க சோம்பேறிங்க.”

இந்த மூன்று பதில்களையும் இந்த வாரம் சற்றே உரசிப் பார்க்க விரும்புகிறோம். இது அழகு சம்பந்தப்பட்ட காரியமென்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிய வந்தது. இந்தியர்களைத் தனியாக எண்ணிப் பார்த்தபோது அது 100க்கு 31 பேர். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடை மிகுந்தோர் கணக்கிலும் நம்மவரே முன்னால் நின்றார்கள். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் படுக்கைக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அங்கே அனுப்புவது இந்த இனிப்பு நீர்தான். நம் குடும்பங்களில் காலை இழந்தவர், கண்ணை இழந்தவர், வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டவர் என்று யாரையாவது சொல்ல முடியாத வீடு எத்தனை?

ஆகவே விஷயத்துக்கு வருவோம்.

ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைவீட்டை அறியாத தோட்டத்துப் பிள்ளைகள் இன்று உண்டு. ஆனால் அவர்களின் தாத்தாக்களுக்குத் தெரியும். அந்த அடுப்பு இரவும் பகலும் எரிய வேண்டும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விறகு போய்க்கொண்டே இருக்கும். நம் உடம்பும் அப்படி ஓர் அடுப்புதான். படித்தவர்கள் இதை வளர்சிதை மாற்றம் என்கிறார்கள். நாம் கட்டிலில் நீட்டிப் படுத்துக் கிடந்தாலும் இதயம் அடிக்க வேண்டும், ஈரல் வேலை செய்ய வேண்டும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டும், மூளை விழித்திருக்க வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் 100க்கு 60 முதல் 70 பங்கு இதற்கே போய்விடுகிறது. தின்றதைச் செரிக்க ஒரு பத்துப் பங்கு. மிச்சந்தான் நடை, ஓட்டம், வேலை எல்லாம். இந்த விறகை அளக்கும் படிதான் கலோரி. போட்ட விறகில் எரியாதது மூலையில் அடுக்கப்படுகிறது. அந்த அடுக்குக்குப் பெயர் தொப்பை.

நாற்பது வயதில் அடுப்பு அணைந்து போகிறதா? இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. 2021-இல் ஹெர்மன் பொன்ட்சர் என்ற அமெரிக்க அறிஞரும் அவரோடு பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு பெரிய கணக்கை வெளியிட்டார்கள். 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல், எட்டு நாள் சிசுவிலிருந்து 95 வயதுக் கிழவர் வரை, தனியாகத் தயாரித்த ஒரு வகை நீரைக் குடிக்கக் கொடுத்து, உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அளந்திருந்தார்கள். ஆளின் உருவத்துக்கு ஏற்பக் கழித்துப் பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வயது வரை அடுப்பு அப்படியே எரிகிறது என்று தெரிந்தது. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்குத் தனியாக எந்த இறக்கமும் இல்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 100க்கு முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாக இறங்குகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். பருத்தவர் உடம்பு குறைவாக எரிக்கிறது என்பது தப்பு. பெரிய வீட்டுக்குப் பெரிய அடுப்பு. 90 கிலோ ஆளின் உடம்பு 60 கிலோ ஆளின் உடம்பைவிடக் கூடுதலாகவே எரிக்கிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கதை வேறு. அது இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. மற்றவர்கள் 35 வயதில் ஏறிய சதைக்கு அடுப்பின் மேல் பழி போட வழியில்லை.

அப்படியானால் பெரியவர்கள் சொல்லும் சோம்பேறித்தனமா? அதையும் முழுசாக ஒப்புக்கொள்ள நாம் தயாராக இல்லை. அந்தக் கால வேலையை யாரும் குறைத்துப் பேச முடியாது. பொழுது விடியுமுன் பெரட்டு, ஆளுக்கு ஐந்நூறு மரம் போல நிரை, பிறகு மங்கு மங்காகப் பால் எடுத்து, தோளில் கம்பு போட்டு இரண்டு வாளியும் சுமந்து நடப்பது. இன்று ஜுரு டோலைச் சுற்றியும் பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான் பக்கமும் ஆலைகள் எழுந்து நிற்கின்றன. நம் பிள்ளைகள் ஓப்பரேட்டராக நிற்கிறார்கள், செக்யூரிட்டியாக உட்கார்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். வேலை மாறிவிட்டது உண்மை. ஆனால் வேலை மாறும்போது பசி மாறியதா?

இதற்கு நம்மைப் போன்ற தொழிலாளர்களிடமே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1956-இல் ஜான் மாயர் என்பவரும் அவரது வங்காளக் கூட்டாளிகளும் கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையையும் கணக்கெடுத்தார்கள். மூட்டை சுமப்பவர், நிலக்கரி அள்ளுபவர், நெசவாளி, குமாஸ்தா, ஆலை வளாகத்துக்குள் கடை வைத்து நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் என எல்லாரும் அதில் அடக்கம். கடினமாக உழைத்தவர்கள் அதிகம் தின்றார்கள், அதில் வியப்பில்லை. வியப்பு எதிலென்றால், அசையாமல் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் ஏறக்குறைய மூட்டை சுமப்பவர் அளவுக்குத் தின்றார்கள், எடையிலும் முன்னே நின்றார்கள். ஓரளவு வேலை செய்யும் வரை பசி நியாயமான கிராணி மாதிரி சரியாகக் கணக்கு எழுதுகிறது. வேலை அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால் அந்தக் கிராணியின் புத்தகம் தப்புக் கணக்காகிவிடுகிறது. வேலை நின்று போன செய்தி வயிற்றுக்கு எட்டுவதில்லை.

சரி, அப்போது நாலு மைல் ஓடி அதைக் கரைத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். அங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். 60, 70 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் நன்றாக நடந்தால் 200 முதல் 250 கலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. நடந்து முடித்துக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி, ஒரு தே தாரே என்று உட்கார்ந்தால் நடந்தது கூலியில்லாத வேலை. அதோடு உடம்பும் தந்திரக்காரன். தான்சானியா நாட்டில் ஹட்சா என்ற வேட்டைச் சமூகத்தார் தினமும் மைல்கணக்கில் நடக்கிறார்கள். 2012-இல் அவர்களை அளந்து பார்த்தபோது, உடல் அளவைக் கழித்துவிட்டால் அவர்கள் ஒரு நாளில் எரிப்பதும் அமெரிக்க நகரவாசி எரிப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒரு பக்கம் செலவு கூடினால் உடம்பு இன்னொரு பக்கம் சிக்கனம் பிடிக்கிறது. 2025-இல் 34 சமூகங்களைச் சேர்ந்த 4,213 பேரை வைத்து வந்த ஆய்வும், நாடுகள் பணக்கார நாடுகளாகும்போது மக்கள் பருப்பதற்கு உழைப்புக் குறைந்தது சிறு காரணந்தான், வாய் வழியே போவதே பெருங்காரணம் என்று சொல்லியிருக்கிறது.

ஆகவே இளைஞர்களைச் சோம்பேறி என்று ஏசும் பெரியவர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். ஏசுவதை நிறுத்திவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பாருங்கள்.

அந்தக் காலத்து லயத்து வீட்டில் என்ன இருந்தது? புழுங்கல் அரிசி, கருவாடு, பருப்பு, வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கீரை, மரவள்ளி. இந்தப் புழுங்கல் அரிசிக்கு ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் வெள்ளையரிசி தின்றவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றபோது, தமிழ்க் கூலிகள் மட்டும் பெரும்பாலும் தப்பியதைப் பிராடன் என்ற ஆங்கிலேய டாக்டர் கவனித்து 1907-இல் எழுதினார். அவித்துக் குத்திய அரிசியில் சத்து தங்கியிருந்ததே காரணம். ஆனால் கலோரி என்று பார்த்தால் புழுங்கலுக்கும் பச்சைக்கும் பெரிய பேதமில்லை. அதனால் “நான் புழுங்கல் சோறுதான் திங்கிறேன்” என்று மூன்று தட்டு தின்பது தற்காப்பாகாது.

இன்றைய அடுக்களைக்கு வருவோம். பொட்டலத்தில் வரும் மானியச் சமையல் எண்ணெய் ஒரு கிலோ இரண்டு வெள்ளி ஐம்பது காசு. அதில் ஏறக்குறைய 9,000 கலோரி. சீனி ஒரு கிலோ இரண்டு வெள்ளி எண்பத்தைந்து காசு. அதில் 3,900 கலோரி. அதாவது ஒரு வெள்ளி கொடுத்தால் எண்ணெயில் மூவாயிரத்து ஐந்நூறு கலோரி கிடைக்கிறது, சீனியில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் கிடைக்கிறது. நூறு கிராம் கீரையிலோ இருபது, இருபத்தைந்து கலோரி. வயிறு நிறைய வேண்டும், சம்பளம் பத்தாது என்கிற வீட்டில் எது உலையேறும்? நம் கையால் குலை வெட்டிச் சுமந்த செம்பனையே எண்ணெயாகி நம் இடுப்பில் வந்து உட்காருகிறது. ஏழைக்குச் சதை வைப்பதைப் பெருந்தீனியின் அடையாளம் என்று எண்ணுகிறவர்கள் விலைப் பட்டியலைப் பார்த்ததில்லை.

சீனியை மட்டும் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது பசியையே ஆற்றுவதில்லை. ஒரு தே தாரேயில் கெட்டிப் பாலும் சீனியுமாக 150 கலோரிக்குக் குறையாது. கடைக்காரர் கை தாராளமென்றால் 200. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, இரவு ஷிப்டில் தூக்கம் கலைய ஒன்று. மூன்று குவளை தேயில் போவது ஏறக்குறைய ஒரு வேளைச் சோறு. ஆனால் அதைக் குடித்துவிட்டு யாரும் “நான் சாப்பிட்டேன்” என்று சொல்வதில்லை, வயிறும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு மைலோ, சிரப், டின் தண்ணீர். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவராக இருந்து 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸும் சீனியைப் பற்றிப் பல ஆண்டுகள் தொண்டை வறளக் கத்தினார்கள். அதே 2019-இல்தான் அரசாங்கம் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட ஆரம்பித்தது. டின்னுக்கு வரி வந்தது. தேக்கடைக் குவளைக்கு வரி கிடையாது, அங்கே நம் வாய்தான் சுங்கச்சாவடி. கள்ளும் பீரும் குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாராயச் சத்து கிராமுக்கு ஏழு கலோரி. கொழுப்புக்கு மட்டுமே அதைவிடக் கூடுதல்.

நம் தாய்மார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள், தன் தட்டைத் தின்ற பிறகு பிள்ளை வைத்த மிச்சத்தையும், சட்டியில் ஒட்டிய குழம்போடு பிசைந்த சோற்றையும், வீணாகக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொள்கிறாள். அதை அவள் சாப்பாடாக எண்ணுவதே இல்லை. “நான் என்னாங்க சாப்பிடுறேன், ஒரு பிடி சோறுதான்” என்று அவள் சொல்வது பொய்யல்ல. ஆனால் உடம்பு அந்த மிச்சத்தையும் எண்ணிவிடுகிறது. இதற்கு மருந்து அவளிடமில்லை. உலை வைக்கும் அரிசியில் ஒரு கைப்பிடி குறைப்பதிலும், மற்றவர்கள் தட்டில் மிச்சம் வைக்காமல் இருப்பதிலும் இருக்கிறது. புருஷன்மார்கள் கவனிக்க வேண்டும்.

இனி இளைக்கும் வழி. முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறோம்.

பட்டினி வேண்டாம். முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ மளமளவென்று இறங்கும். அதில் பெரும்பங்கு தண்ணீர். பிறகு புகைவீட்டுக்காரன் விறகு குறைந்தால் காற்றை அடைத்து மெதுவாக எரிய விடுவானே, அதையே உடம்பு செய்யும். 1944, 45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 வாலிபர்களை 24 வாரம் அரை வயிறாக வைத்துப் பார்த்தார்கள். எடையில் கால் பங்கு போயிற்று. ஆனால் அடுப்பும் இறங்கி, குளிரில் நடுங்கினார்கள், இரவும் பகலும் சாப்பாட்டையே கனவு கண்டார்கள். 2016-இல் வந்த இன்னொரு ஆய்வில், டெலிவிஷன் போட்டிக்காக வேக வேகமாக இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அடுப்போ அவர்கள் உருவத்துக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி போலக் குறைவாகவே எரிந்துகொண்டிருந்தது. நம் விரதக்காரர்களுக்கு நேர்வதும் இந்த ஜாதிதான்.

பாசார் மாலத்தில் விற்கும் இளைக்கிற காப்பி, இளைக்கிற மாத்திரை பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். சிபுட்ராமின் என்ற மருந்து மாரடைப்பும் பக்கவாதமும் வரவழைப்பதாகக் கண்டு 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. நம் சுகாதார அமைச்சு இந்த மாதிரி காப்பிகளில் அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. “மூலிகைங்க, ஒண்ணும் செய்யாது” என்று விற்பவரிடம் அமைச்சின் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியதற்கு ஒரு சுலபமான வாய்ப்பாடு இருக்கிறது. 2011-இல் கெவின் ஹால் என்பவரும் கூட்டாளிகளும் போட்டுக் கொடுத்தது. தினசரி சாப்பாட்டில் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் காலப்போக்கில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் வருஷத்தில், ஏறக்குறைய முழுசும் மூன்று வருஷத்தில். இப்போது கணக்குப் போடுங்கள். தினம் நாலு தே தாரே குடிப்பவர் இரண்டைத் தே ஓ கோசோங் ஆக்கிக்கொண்டால் 300 கலோரி மிச்சம். முதல் வருஷம் ஆறு கிலோ, மூன்று வருஷத்தில் பன்னிரண்டு கிலோ வரை. ரப்பர் கன்று நட்டு ஆறு ஏழு வருஷம் பாலுக்குக் காத்திருந்த சனத்துக்கு மூன்று வருஷம் பெரிதா என்ன? ஆனால் அந்த இரண்டு தேக்குப் பதிலாக இரண்டு கறிபாப் தின்றால் கணக்கு அங்கேயே முறிந்துவிடும்.

எவ்வளவு இறக்க வேண்டும் என்றும் கேட்பீர்கள். ஆசியர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட முன்னதாகவே ஆரம்பிக்கிறது என்று 2004-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு 59 கிலோவைத் தாண்டினால் கவனம், 70ஐத் தாண்டினால் அபாயம். தராசு இல்லாத வீட்டில் தையல்காரர் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. நம்மவர் கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வரும் வார்ப்பு. அந்த வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புதான் சீனி வியாதிக்குக் கதவைத் திறக்கிறது.

நடை எடையைக் கரைக்காது என்று எழுதியதால் யாரும் நடையை நிறுத்திவிட வேண்டாம். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் போலப் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் சொல்லிக் கொடுத்தவர்களில் நோய் வந்தவர் எண்ணிக்கை மற்றவர்களைவிட 100க்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை அப்படியொன்றும் இறங்கவில்லை! நம் வட்டாரத்து ஆட்களைப் போன்ற தமிழர்கள்தான் அவர்கள். தராசு முள் அசையவில்லையே என்று மனம் உடைந்து நடையை விட்டவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் தாங்களாகச் சாப்பாட்டை வெட்டக்கூடாது, வேளை தப்பக்கூடாது. சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி கட்டணம். டாக்டரிடம், “இளைக்கப் பாக்குறேன், மருந்தைக் கொறைக்கணுமா?” என்று வாய் திறந்து கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இவ்வளவும் தனி ஆள் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக நமக்கு உடன்பாடில்லை. ஆலைக் கன்டீனில் கொதிகலத்திலேயே சீனியைக் கொட்டிக் கலக்கி வைத்தால், தே ஓ கோசோங் கேட்கிற தொழிலாளி எங்கே போவான்? சீனியைத் தனியாக வைக்கச் சொல்வதற்குச் சங்கக் கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசலாம். நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை, மிச்சந்தான். கோயில் கமிட்டிகள் தண்ணீர்ப் பந்தலில் சிரப்புக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீரும் மோரும் வைக்கலாம். எண்ணெய்க்கும் சீனிக்கும் விலையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அரசாங்கம், காய்கறிக்கும் பருப்புக்கும் அந்தக் கருணையைக் காட்டாதது ஏன் என்று தேர்தல் நேரத்தில் நம் வாசலுக்கு வருகிறவர்களைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. ஜுரு வட்டாரத்தில் எந்தக் கன்டீனாவது சீனியைப் பிரித்து வைத்திருந்தால் இந்தப் பக்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்த ஆலை என்பதையும் குறிப்பிடுங்கள், மற்றவர்களும் போய்க் கேட்க வசதியாக இருக்கும்.